நாட்டிங்காமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரியப்பா மகனிடம் கொடுத்துவிட்ட கடிதமும் பருப்புப் பொடியும் வந்து சேர்ந்ததுங்க. பாதிக் கடிதம் எனக்குக் குளிருதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறேனா என்றே போயிருக்கிறது. குளிர் பழகிவிட்டது. ஹீட்டர் போட்டால் தோல் வறண்டு போகிறது, அதனால் அதிகம் போடுவதில்லை. நீங்கள் கொடுத்துவிட்ட இன்டர்லாக் பனியனை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறேன், கதகதப்பாக இருக்கிறது. சின்ன வெங்காயம்தான் யானை விலை. பெரிய வெங்காயம் போட்டே அரிசியும் பருப்பும் ஆக்கிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்க.

நம்ம ஊர்ப் பசங்க ஃபுட்பால் டீமுக்குத் தம்பி ஜெர்சி தைக்கப் போவதையும், நிறத்துக்கு நடக்கிற சண்டையையும் எழுதியிருந்தீர்கள். முதலில் உங்கள் கட்டிங் டேபிளில் மிஞ்சிய மஞ்சள், அப்புறம் மெரூன், ஆர்டர் கேன்சலான வருஷம் ஊதா என்று கிடைத்த துணியைத்தானே அவர்கள் இதுவரை போட்டு ஆடினார்கள்! படித்ததும் கீழ் வீட்டுத் தாத்தாதான் ஞாபகம் வந்தார்.

தனியாள் அவர். வெயில் வந்துவிட்டால் போதும், பழைய ஜெர்சிகளை எல்லாம் கொடியில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அத்தனையும் கறுப்பு வெள்ளை நெட்டுப் பட்டை. நாட்ஸ் கவுண்டி என்ற இந்த ஊர் கிளப்புடையது. 1862-ல் தொடங்கியது, உலகத்திலேயே பழைய தொழில்முறை ஃபுட்பால் கிளப் இதுதான். எனக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, துணியைப் பற்றித் தெரியுமே. பழைய காட்டன் ஜெர்சி ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்னல் கண்ணி, நம்ம லூப், நெட்டாக ஓடாமல் படுக்கையாக ஓடுகிறது. நூலிலேயே சாயம் ஏற்றி, குறுக்குப் பட்டையாகப் பின்னி, துணியைத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்கிறார்கள். கழுத்து ரிப் தளர்ந்துவிட்டது, ஆனால் கறுப்பு ஒரு சொட்டுகூட வெள்ளையில் இறங்கவில்லை. விரல் வைத்துக் காட்டினேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தாலே ஒரு ஜெர்சியை எடுத்து வந்து கதை சொல்கிறார்.

இந்த கிளப்பும் நம்ம பசங்க மாதிரி நிறம் மாறி மாறித்தான் வந்திருக்கிறது. ஆரம்பத்தில் மஞ்சளும் கறுப்பும் வளையம் வளையமாக, பிறகு பாதி சாக்லேட் பாதி நீலம். 1890-ல் கறுப்பு வெள்ளைக்கு வந்தார்கள். அப்புறம் நடந்ததுதான் நீங்கள் கேட்க வேண்டியது. இத்தாலியில் டூரின் ஊர் யுவென்டஸ் கிளப் அப்போது ரோஸ் கலரில் ஆடிக்கொண்டிருந்தது. மட்டமான காட்டன், துவைக்கத் துவைக்க வெளுத்துவிட்டது. அங்கே ஜான் சாவேஜ் என்று ஓர் இங்கிலாந்துக்காரர் இருந்தார். 1903-ல் நாட்டிங்காமில் இருந்த தன் நண்பருக்கு எழுதி ஜெர்சி வரவழைத்தார். நண்பர் நாட்ஸ் கவுண்டி ரசிகர், கறுப்பு வெள்ளையை அனுப்பிவிட்டார். அதைத்தான் யுவென்டஸ் இன்றைக்கும் போடுகிறது. 2011-ல் புது மைதானம் திறந்தபோது முதல் ஆட்டத்துக்கு நாட்ஸ் கவுண்டியைத்தான் கூப்பிட்டு ஆடினார்கள், 1-1. இங்கே 2019-ல் நாட்ஸ் கவுண்டி, இங்கிலாந்து ஃபுட்பால் லீகை விட்டே கீழே இறங்கிவிட்டது. 2023-ல் பெனால்டியில் ஜெயித்துத்தான் திரும்பி வந்தது. தாத்தா அந்த வருஷங்களிலும் அதே பட்டையைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

இதுவும் பின்னலாடை ஊர்தானுங்க. 1589-ல் பக்கத்துக் கால்வர்ட்டனில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் மெஷினைக் கண்டுபிடித்தார். நம்ம பனியன் கம்பெனிக்கெல்லாம் மூலம் அதுதான். அந்தக் காலத்து ஆலைக் கட்டடங்கள் பலவற்றில் இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள். தெருவில் ஒரு மெஷின் சத்தம் கிடையாது. சிங்கரும் ஓவர்லாக்கும் ஓடும் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய எனக்கு ராத்திரியில் அதுதான் கஷ்டம்.

ஒரு சனிக்கிழமை தாத்தா அந்த கிளப்பின் மேடோ லேன் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். எனக்கு முன் வரிசையில் ஒரு அப்பாவும் பெண்ணும் ஒரே மாதிரி ஜெர்சி போட்டு நின்றார்கள். கோல் விழுந்ததும் அந்த அப்பா அவளைத் தூக்கிக்கொண்டார். அதற்கு மேல் ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. உங்களைப் பார்க்கணும்ங்கப்பா. பொங்கலுக்கு வருகிறேன் என்றேன், லீவு இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடம் இப்போதைக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். மிச்சத் துணி வேண்டாம் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்க. எந்த நிறமானாலும் ஒன்றைப் பிடித்து அதிலேயே நிற்கட்டும். சாயம் போகிறதா என்று ஒரு பீஸைத் துவைத்துப் பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்க. அவினாசித் தேருக்குள் கொடுத்தால்தான் பசங்களுக்கு மரியாதை. நூல் கடைப் பாக்கிக்கு நான் அனுப்புகிற பணம் இந்த மாசம் கொஞ்சம் தள்ளி வரும். டூட்டி மாறியதில் சம்பளத் தேதியும் மாறிவிட்டது, வேறொன்றும் இல்லை. தங்கச்சி சீருக்கு எடுத்துவைத்ததை மட்டும் அதற்காகத் தொட வேண்டாம்.

தோட்டத்துப் பாகத்துக்கு என் கையெழுத்து வேண்டும் என்றீர்கள். பவர் பத்திரத்தை பர்மிங்காம் இந்தியத் தூதரக அலுவலகத்தில் காட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். வரைவை வக்கீலிடம் எழுதி வாங்கி அனுப்புங்க. அத்தை பங்கை வாயால் பேசி விட்டுவிடாதீர்கள், மனஸ்தாபம் வரும். சர்வே நம்பரும் நாலு பக்க எல்லையும் சரி பார்த்துக்கொள்ளுங்க. கிணற்றுப் பங்கு, தண்ணீர் முறை, மோட்டார் சர்வீஸ் யார் பேரில் என்பதெல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கணும். பெரியப்பா இந்த மாசக் கடைசியில் திரும்பவும் வருகிறாராமே, அதற்குள் வரைவு கையில் இருக்கட்டும்.

தங்கள் அன்பு மகள்