இரத்தசோகைச் சோதனையைக் கைவிட்டது சரியான முடிவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில் குழந்தைகளின் இரத்தசோகை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னது மிகையான கணக்கு, விரல் நுனியில் இரத்தம் எடுத்ததால் வந்த கோளாறு, ஆகவே 2023-24 ஆய்வில் அந்தச் சோதனையையே நீக்கியது நல்ல முடிவு என்று அதில் எழுதியிருந்தார்கள். முதல் பாதியில் உண்மை இருக்கிறது. கடைசியில் வந்து சேர்ந்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான், எச்.பி. (இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அளவு) பார்ப்பதும் சத்து மாத்திரை கொடுப்பதும் என் அன்றாட வேலையாக இருந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். வீட்டுக்கு வரும் ஆய்வுக் குழு விரலில் குத்தி (ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை என்றால் குதிகாலில்) ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, ஹீமோகியூ என்ற சின்னக் கருவியில் வைக்கிறது. கொஞ்ச நேரத்தில் எண் வந்துவிடும். டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் குழந்தைக்கு இரத்தசோகை, கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11, ஆணுக்கு 13 என்பது கணக்கு. இரத்தம் சரியாக வராமல் விரலைப் பிழிந்து எடுத்தால் திசுவில் இருக்கும் நீரும் சேர்ந்து வந்து எச்.பி. எண் குறைந்துவிடும், இரத்தசோகை அதிகமாகத் தெரியும். இது ஊசி பிடித்த யாருக்கும் தெரிந்த விஷயம். அதற்கும் முன்னால் எங்களிடம் இருந்தது சாலி கருவிதான். அமிலத்தில் இரத்தத்தைக் கலந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, அந்தப் பழுப்பு நிறம் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒருத்தி கண்ணுக்கு 9, இன்னொருத்தி கண்ணுக்கு 10. அதோடு ஒப்பிட்டால் ஹீமோகியூ எவ்வளவோ மேல், ஆனால் பரிசோதனைக் கூடத்துக்கு அது ஈடாகாது என்பதும் உண்மைதான்.

நரம்பில் இரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்தால் என்ன வரும் என்பதற்கும் நம்மிடமே ஆதாரம் இருக்கிறது. 2016-18இல் மத்திய சுகாதார அமைச்சகமும் யுனிசெஃபும் சேர்ந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் உள்ளடக்கித் தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வை நடத்தின. அவர்களில் ஒரு பகுதியினரிடம் நரம்பில் இரத்தம் எடுத்தார்கள். 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளில் 41 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று வந்தது. அதே காலகட்டத்துக்கு முன்னும் பின்னும் நடந்த குடும்ப நல ஆய்வுகளோ 2015-16இல் 58.6, 2019-21இல் 67.1 என்று சொல்கின்றன. வயது வரம்பு கொஞ்சம் வேறு என்றாலும் (குடும்ப நல ஆய்வு 6 மாதக் குழந்தையிலிருந்து பார்க்கிறது, அந்த வயதில்தான் இரத்தசோகை மிக அதிகம்) இவ்வளவு பெரிய இடைவெளியை வயதை மட்டும் வைத்து விளக்க முடியாது. விரல் இரத்தம் இரத்தசோகைச் சதவீதத்தைக் கூட்டிக் காட்டியிருக்கலாம் என்று நானும் நினைக்கிறேன். இதில் கட்டுரையாளருக்கும் எனக்கும் சண்டை இல்லை.

ஆனால் 67 என்பது எப்போதும் 67 ஆக இருந்ததில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 2005-06 ஆய்வில் ஏறக்குறைய 69 சதவீதம். பத்து வருடம் கழித்து 58.6க்கு இறங்கியது. அப்போதும் குத்தியது விரலில்தான், கருவியும் அதே வகைதான், அந்த இறக்கத்தை நாம் நல்ல செய்தியாகவே ஏற்றுக்கொண்டோம். அப்புறம் 67.1க்கு ஏறியதும் முறையே சரியில்லை என்கிறோம். முறை சரியில்லை என்றால் இறங்கியபோதும் சரியில்லை. ஒரு கருவி எப்போதும் ஒரே பக்கமாகக் கூட்டிக் காட்டினால் எண்ணின் உயரம் தப்பாக இருக்கும், ஏற்ற இறக்கம் தப்பாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் அங்கன்வாடியில் இருந்த சால்டர் தராசு ஒன்று எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். ஆனாலும் போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் குழந்தைக்கு எடை ஏறியதா இல்லையா என்பதை அந்தத் தராசே சொல்லிவிடும், அதை வைத்துத்தான் எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் சத்துமாவு வேண்டும் என்று முடிவு செய்வோம்.

தமிழ்நாட்டு எண்களைப் பாருங்கள், இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2015-16க்கும் 2019-21க்கும் இடையில் இங்கே குழந்தைகளின் இரத்தசோகை 50.7இலிருந்து 57.4 ஆனது. அதே ஆய்வில், அதே வீடுகளில், அதே கருவியில் பார்த்த பெண்களின் எண்ணோ 55.0இலிருந்து 53.4. அதாவது ஏறவே இல்லை. எல்லாப் பழியையும் கருவி மேல் போட்டால், தாய்மாரிடம் ஏறாத எண் பிள்ளைகளிடம் மட்டும் ஏன் ஏறியது என்பதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். ஒருவேளை சின்ன விரலில் இரத்தம் எடுப்பதில்தான் தவறு கூடியிருக்கலாம். ஒருவேளை கொரோனா காலமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் அந்த ஆய்வின் ஒரு பகுதி ஊரடங்குக்கு முன்னால் 2020 தொடக்கத்திலும், மீதி 2020 டிசம்பரிலிருந்து 2021 மார்ச் வரையும் நடந்தது. ஒருவேளை உண்மையிலேயே பிள்ளைகளின் சாப்பாடு மோசமாகியிருக்கலாம். அடுத்த ஆய்விலும் அதே சோதனை இருந்திருந்தால் இவற்றில் எது என்று ஓரளவுக்குத் தெரிந்திருக்கும். அந்த வாய்ப்பைத்தான் நாம் இழந்துவிட்டோம், என் வருத்தமெல்லாம் அதுதான்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நரம்பில் இரத்தம் எடுத்துத் தனி ஆய்வைத் தொடங்கியதே, அது போதாதா என்று கேட்கலாம். அதை நான் மனதார வரவேற்கிறேன். 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் நரம்பு இரத்தத்தையும் தானியங்கி ஆய்வுக் கருவியையுமே பரிந்துரைக்கிறது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான எல்லையையும் 11இலிருந்து 10.5க்குக் குறைத்திருக்கிறது. ஆனால் புது ஆய்வின் எண்ணைப் பழைய எண்ணோடு எப்படி ஒப்பிடுவது? அது 40 என்று சொன்னால் 67இலிருந்து குறைந்துவிட்டது என்று ஒருவர் மேடையில் பேசுவார், இரண்டும் வேறு என்று இன்னொருவர் மறுப்பார், இரண்டுக்கும் நடுவில் 1998-99இலிருந்து தொடர்ந்து வந்த இரத்தசோகைக் கணக்கு அறுந்துபோகும். இதற்கு வழி இருந்தது. குடும்ப நல ஆய்வில் 2019-21இல் மட்டும் 6,36,699 வீடுகளுக்குப் போனார்கள். அதில் சில ஆயிரம் வீடுகளில் ஒரே ஆளிடம் விரலிலும் நரம்பிலும் இரண்டு முறையிலும் இரத்தம் எடுத்திருந்தால், விரல் இரத்தம் இரத்தசோகையை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்று கணக்குப் போட்டுப் பழைய எண்களையும் திருத்தியிருக்கலாம். இப்போதும் செய்யலாம்.

நரம்பில் எடுப்பது சொல்வதுபோல் சுலபமும் இல்லை. பயிற்சி பெற்றவர் வேண்டும், குழாயைக் குளிரிலேயே வைத்து நேரத்துக்குள் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், மலைக்கிராமத்திலிருந்து அது எவ்வளவு பாடு என்று போனவர்களுக்குத் தெரியும். கைக்குழந்தைக்கு நரம்பில் ஊசி போடத் தாய் சம்மதிப்பது அதைவிடக் கஷ்டம். "உடம்புல ரத்தமே இல்லைன்னு சொல்றீங்க, இருக்கிறதையும் எடுத்துட்டுப் போறீங்களே" என்று விரல் குத்தப் போனபோதே என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மறுப்பவர்கள் கூடினால், சம்மதித்தவர்களின் எண் மட்டும்தான் மிஞ்சும், அதுவும் வேறு விதமான தவறுதான்.

இன்னொன்று, எச்.பி. எண் காரணத்தைச் சொல்லாது. இரும்புச்சத்துக் குறைவா, ஃபோலிக் அமிலமா, பி12ஆ, கொக்கிப்புழுவா, அடிக்கடி வரும் காய்ச்சலா என்று விரல் சொட்டு பிரித்துக் காட்டாது. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்த நோய் இருப்பது தெரிந்ததே, அங்கே இரும்பு மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு எண் ஏறவில்லையே என்று செவிலியரைக் கோபித்துக்கொண்டு பயனில்லை. 2016-18 ஆய்வு உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பையும் பி12ஐயும்கூட அளந்தது. அந்த விவரங்கள் செய்திகளில் வரவே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். எத்தனை சதவீதம் என்பதைவிட எதனால் என்பதுதான் களத்தில் இருப்பவர்களுக்கு உதவும்.

சாப்பாட்டை அளப்பதிலும் இதே கதைதான். குடும்ப நல ஆய்வு, 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு நேற்றுப் பகலிலும் இரவிலும் என்னென்ன கொடுத்தீர்கள் என்று தாயிடம் கேட்கிறது. 2019-21இல் போதுமான உணவு கிடைத்தவை 11.3 சதவீதம் மட்டும். உயரக் குறைவு, எடைக் குறைவு எல்லாம் பேசுகிறோம், ஆனால் என்னைக் கேட்டால் அந்த அறிக்கையிலேயே மிகவும் உலுக்குகிற எண் இதுதான். முட்டையா, பருப்பா, கீரையா என்று வகையைத்தான் கேட்பார்கள், எத்தனை கிராம் என்று தெரியாது. கிராம் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தது தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனின் முயற்சியில் 1972இல் தொடங்கியது அது. வீட்டுக்குப் போய், சமைக்கும் அரிசியையும் பருப்பையும் எடை போட்டுப் பார்த்தார்கள். 2015இல் அதையும் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏழை வீட்டுத் தட்டில் உண்மையில் எவ்வளவு விழுகிறது என்பதைத் தொடர்ந்து சொல்ல ஆளில்லை. ஒரு அளவை நிறுத்தினால் அதன் இடம் எத்தனை காலம் காலியாகக் கிடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

யார் இந்தக் கணக்கில் வருவதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரத்தசோகை பார்த்தது 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கு, 15 முதல் 54 வயது ஆண்களுக்கு, 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு. 5 முதல் 14 வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை. ஐம்பதைத் தாண்டியும் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் இல்லை. அவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள், எச்.பி. பார்க்க மாட்டார்கள். இது வீட்டு ஆய்வு என்பதால் விடுதியில் தங்கியிருப்பவர்கள், நடைபாதையில் வசிப்பவர்கள் வெளியே நின்றுவிடுகிறார்கள். வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அதற்குப் பிறகு எத்தனை குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன!

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. மாவட்டங்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், அல்லது பிழை வரம்போடு போடுங்கள். 2019-21இல் தமிழ்நாட்டில் ஆய்வு செய்தவை 27,929 வீடுகள், 32 மாவட்டங்களுக்குப் பிரித்தால் மாவட்டத்துக்குச் சுமார் 870. அதில் கைக்குழந்தையும் சின்னப் பிள்ளையும் இருக்கும் வீடுகள் எத்தனை இருக்கும்? 200 குழந்தைகளை அளந்து 50 சதவீதம் என்று வந்தால், உண்மை எண் ஏழு புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். வீடுகளைக் கொத்துக் கொத்தாக எடுப்பதால் வரம்பு இன்னும் அகலமாகும். இப்படி இருக்கும்போது 52 வந்த மாவட்டம் 55 வந்த மாவட்டத்தை முந்தியது என்று எழுதினால், அடுத்த நாள் ஆய்வுக் கூட்டத்தில் நிற்க வைக்கப்படுவது ஒரு செவிலியரும் ஒரு அங்கன்வாடிப் பணியாளரும்தான். தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை ஆகியவற்றுக்கு அந்த ஆய்வில் தனி எண்ணே கிடையாது, ஏனென்றால் 2017 மார்ச் நிலவரப்படி இருந்த மாவட்டங்களைத்தான் எடுத்தார்கள். எங்காவது அவற்றின் பெயரில் எண் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு: அடுத்த குடும்ப நல ஆய்வில் இரத்தசோகைச் சோதனையைத் திரும்பச் சேருங்கள், ஒரு பகுதி வீடுகளில் விரலிலும் நரம்பிலும் சேர்த்து எடுங்கள், ஹைதராபாத் நிறுவனத்தின் புதிய ஆய்வில் வரும் தனித்தனித் தரவுகளைப் பெயர் நீக்கி, குடும்ப நல ஆய்வுத் தரவைப் போலவே எல்லா ஆராய்ச்சியாளர்களுக்கும் திறந்து கொடுங்கள். தமிழ்நாடு அரசு இதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் எச்.பி. எண்கள் பிக்மி எண்ணோடு (கர்ப்பத்தைப் பதியும்போது கொடுக்கும் எண்) ஏற்கெனவே பதிவாகின்றன. அவற்றை ஒன்றியம் ஒன்றியமாகத் தொகுத்து, எந்தக் கருவியில் எடுத்தது என்ற குறிப்போடு வெளியிட்டாலே அடுத்த ஆய்வு வரும்வரை வேலை செய்ய எங்களுக்கு ஒரு கைப்பிடி கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தேனி மாவட்டம்.