கருப்பனுக்காக ஓடி வந்தவர்களுக்கு

எங்கள் நாய் கருப்பன் பிழைத்துவிட்டான். வியாழக்கிழமை எடுத்த ரத்தப் பரிசோதனையும் சரியாக வந்ததால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

முதல் நன்றி எதிர்வீட்டுத் தம்பி, உனக்கு. அன்றிரவு மூக்கில் ரத்தம் ஒழுகக் கருப்பன் படுத்துக் கிடந்தபோது, யாரோ அடித்துவிட்டார்கள் என்றே நாங்கள் நினைத்தோம். ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. மூன்று நாளுக்கு முன் அவன் மலத்தில் நீலப்பச்சை தெரிந்ததும், மகளின் கிரேயானைத் தின்றுவிட்டான் என்று சிரித்தவன் நான்தான்; அது எலி மருந்தின் நிறம் என்று தெரியவில்லை. டார்ச் லைட்டோடு பின்சந்துக்கு ஓடி, சாக்கடையோரம் கிடந்த எலி மருந்து உறையைத் தேடி எடுத்து வந்தவன் நீ.

மனிதர்களுக்குத் தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, யுஎஸ்எம் பல்கலைக்கழக வளாகத்தில் 1994 முதல் இருக்கிறது. நாய்க்கு நடுராத்திரியில் யாரைக் கேட்பது? டாக்டர், நீங்கள் போனை எடுத்தீர்கள். என்ன தின்றான், எவ்வளவு, எப்போது, எத்தனை கிலோ என்று வரிசையாகக் கேட்டீர்கள். உறையில் இருந்த 'புரோடிஃபாகூம்' என்ற பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். உப்புத்தண்ணீர் கரைத்து வைத்திருக்கிறேன் என்றதும், "கீழே ஊற்றுங்கள், அதுவே இன்னொரு விஷம்" என்று அதட்டினீர்கள். தின்று மூன்று நாளான பிறகு வாந்தி எடுக்க வைத்தும் பயனில்லையாம். பிறையிலிருந்து பாலம் தாண்டித் தீவுக்கு வந்து சேரும் வரை நீங்கள் போனை வைக்கவே இல்லை.

இந்த மருந்து உடலில் வைட்டமின் கே வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அது இல்லாமல், ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களை ஈரலால் செய்ய முடியாது. ஏற்கெனவே ரத்தத்தில் இருப்பது தீரும் வரை நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். மூன்றிலிருந்து ஐந்து நாள் கழித்துத்தான் சரியும். நாங்கள் ஏமாந்தது அங்கேதான்.

ஆய்வகத்து நண்பர்களுக்கும் நன்றி. ரத்த மாதிரியில் நீங்கள் கண்டதும் உறையில் இருந்த அதே பெயர்தான். பழைய வார்ஃபரின் வகை எலி மருந்து என்றால் சீக்கிரம் வெளியேறிவிடுமாம். இது ஈரலில் வாரக்கணக்கில் தங்குவதால், வைட்டமின் கே1 மாத்திரை 4 வாரம். கொழுப்போடு கொடுத்தால்தான் நன்றாக உடம்பில் சேரும் என்பதால் தினமும் முட்டைப் பொரியல். (வீட்டில் எனக்குக்கூட அந்தக் கவனிப்பு இல்லை.) கடைசி மாத்திரைக்கு 48 மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்கச் சொன்னார்கள். வியாழக்கிழமை பார்த்தது அதைத்தான்.

மருந்து வைத்தவர்கள் யார் என்று தெரியும். ஒரு நோட்டீஸாவது ஒட்டியிருக்கலாம். சரி, அதை இங்கே பேச வேண்டாம்.

அப்புறம், ரத்தம் கொடுத்த லாப்ரடாரின் சொந்தக்காரர், அந்தச் சீன அங்கிள். நடுராத்திரி கிளினிக்கிலிருந்து கூப்பிட்டதும், கைலியோடு நாயை ஏற்றிக்கொண்டு வந்தார். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு உறையில் கொஞ்சம் பணமும், ஒரு கிலோ வேகவைத்த கோழியும் கொண்டுபோனேன். உறையை என் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகிவிட்டார். கோழியை மட்டும் லாப்ரடார் மறுக்கவில்லை.