சின்ன கவுண்டியில் ஒரு டிக்கெட்

சான் ஆஞ்சலோ, டெக்சஸ்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. நியூஜெர்சியை விட்டு ஆஸ்டினுக்கே வந்துவிட்டீர்கள் என்றதும் சுமதிக்குத் தலைகால் புரியவில்லை. இனி மூன்றரை மணி நேரத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்விடலாம். அவளுக்கு முழங்கால் வலி எவ்வளவோ தேவலை. இங்கே பருத்தி எடுப்பு தொடங்கிவிட்டது, ரோடு முழுக்க டிராக்டரும் லாரியும்தான்.

சரி, நீ கேட்ட விஷயம். உன் மகள் யாழினிக்கு பிக் பெண்ட் தேசியப் பூங்கா போகும் வழியில் வேகமாக ஓட்டியதற்குக் கிடைத்த டிக்கெட், அப்புறம் உன் சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்துக்கு வேண்டிய பழைய டிக்கெட்டின் பதிவு. முதலில் யாழினியுடையதைப் பார்ப்போம், அதற்குத்தான் கெடு இருக்கிறது.

அவசரப்பட்டு ஆன்லைனில் பணம் கட்டிவிடாதீர்கள். பணத்தைக் கட்டினாலே, குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு டெக்சஸ் சட்டம் குற்றவாளி என்றே தீர்த்துவிடும். அது அவளுடைய ஓட்டுநர் பதிவில் ஏறும், இன்ஷூரன்ஸ்காரர்களும் பார்ப்பார்கள். முன்பு இருந்த புள்ளிக் கணக்கும் அதற்கு மேல் கட்டச் சொன்ன கூடுதல் தொகையும் 2019 செப்டம்பரோடு ஒழிந்தன. அந்தப் பயம் மட்டும் வேண்டாம்.

டிக்கெட்டின் மேல் எந்தக் கோர்ட், எந்த ப்ரீசிங்ட் (கவுண்டி என்கிற மாவட்டத்தின் எந்தப் பகுதி), எந்தத் தேதிக்குள் பதில் என்று அச்சிட்டிருக்கும். நெடுஞ்சாலையில் மாநில ட்ரூப்பரோ (மாநிலப் போலீஸ்), கவுண்டிப் போலீஸான ஷெரிஃப் ஆட்களோ நிறுத்தியிருந்தால் அது கவுண்டியின் ஜே.பி. கோர்ட்டுக்குப் போகும். ஜே.பி. என்றால் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், சின்ன வழக்குகளைப் பார்க்கும் நீதிபதி. ஊர் எல்லைக்குள் ஊர்ப் போலீஸ் நிறுத்தியிருந்தால் முனிசிபல் கோர்ட். ஒரே கவுண்டிக்குள் பல ஜே.பி.க்கள் இருப்பார்கள். பிக் பெண்ட் இருக்கும் ப்ரூஸ்டர் கவுண்டி கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. தப்பான ப்ரீசிங்டுக்கு அனுப்பிய கடிதம் சரியான மேசைக்கு வருவதற்குள் கெடு தாண்டிவிடலாம்.

டிஃபென்சிவ் டிரைவிங் என்கிற பாதுகாப்பாக ஓட்டும் வகுப்பு எடுத்து வழக்கைத் தள்ளுபடி செய்துகொள்ளும் வழி உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை உரிமையாகக் கேட்கச் சில நிபந்தனைகள் உண்டு. முந்தைய 12 மாதத்தில் அதே வழியைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. வேக வரம்பைவிட மணிக்கு 25 மைலோ அதற்கு மேலோ போயிருக்கக் கூடாது. வேலையாட்கள் நிற்கிற சாலைப்பணி இடமாகவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், டெக்சஸ் லைசென்ஸ் இருக்க வேண்டும். யாழினியிடம் இன்னும் நியூஜெர்சி லைசென்ஸ்தானே இருக்கிறது? அப்படியானால் அதை உரிமை என்று வாதாடாமல், டிஃபர்ட் டிஸ்பொசிஷன், அதாவது தீர்ப்பைத் தள்ளிவைப்பது, தரும்படி நீதிபதியிடம் கேட்கச் சொல். அது அவர் விருப்பத்தைப் பொறுத்தது. கொடுத்தால் 180 நாள் வரை கெடு வைப்பார். அவர் போடும் நிபந்தனைகளை ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடியாகும். அவளுக்கு 25 வயது ஆகவில்லை என்பதால் வகுப்பு எப்படியும் உண்டு. எந்த வழியானாலும் பதில் தேதிக்கு முன் எழுத்தில் போக வேண்டும், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு.

இங்கே ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். நம் ஆட்கள் பலர் கிராமத்துக் கோர்ட்டை வழிப்பறி போலப் பேசுவார்கள். இருபது வருடமாக இந்தப் பக்கம் வாழ்கிற எனக்கு அது ஒப்பாது. மருத்துவ ஆய்வாளர் இல்லாத கவுண்டிகளில் மரண விசாரணையும் ஜே.பி.யின் பொறுப்புதான். கல்யாணம் செய்துவைப்பவரும் அவர்தான், நள்ளிரவில் விபத்து நடந்த இடத்துக்குப் போய் உயிர் போய்விட்டது என்று பதிவு செய்பவரும் அவர்தான். பீகாஸிலிருந்து கார்ல்ஸ்பாட் போகும் 285ஆம் சாலையில் எண்ணெய் வயல் லாரிகளுக்கு நடுவே எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட விபத்துகளைப் பார்த்தவர் முன்னால் அடுத்த வாரம் ஒரு வேக டிக்கெட் வந்தால் அது அவருக்குச் சின்ன விஷயமாக இருக்குமா? யாழினி எழுதும் கடிதத்தில் சாக்கு எதுவும் வேண்டாம். என்ன வேகத்தில் போனாள், என்ன கேட்கிறாள் என்பதை மரியாதையாக நாலு வரியில் எழுதட்டும்.

ஊர்க் கஜானாவை நிரப்பத்தான் டிக்கெட் போடுகிறார்கள் என்ற சந்தேகம் முழுக்கப் பொய்யும் இல்லை. அதற்காகவே, 5,000 பேருக்குக் குறைந்த ஊர்களில் அபராத வருமானம் முந்தைய ஆண்டு வருவாயின் 30 சதவீதத்தைத் தாண்டினால் மிச்சத்தை மாநிலத்துக்குக் கட்ட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. இத்தனை டிக்கெட் போட்டாக வேண்டும் என்று போலீஸுக்கு இலக்கு வைப்பதற்கும் தடை உண்டு.

இனி உன் பழைய டிக்கெட். லப்பக்கில் படித்த காலத்தில், டாலஸ் போகும் வழியில், ஸ்வீட்வாட்டருக்குக் கொஞ்சம் முன்னால் என்று எழுதியிருக்கிறாய். 84ஆம் சாலையில் அந்தத் தூரத்துக்குள் கார்ஸா, ஸ்கரி, நோலன் என்று கவுண்டிகள் மாறிக்கொண்டே வரும். உன்னை நிறுத்தியது கருப்பு வெள்ளை ட்ரூப்பர் வண்டியா என்று யோசித்துப் பார். டி.பி.எஸ். (மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை) தரும் சான்றிட்ட முழு ஓட்டுநர் பதிவையும் வாங்கிப் பார். தண்டனையாகப் பதிவாகியிருந்தால் இடமும் தேதியும் அதிலேயே கிடைக்கலாம். அரசுத் தளத்தில் மட்டும் வாங்கு, அதே தோற்றத்தில் தனியார் தளங்கள் கூடுதலாகப் பிடுங்குகின்றன.

இணையத்தில் தேடிக் களைத்துவிட்டேன் என்றாயே, அது இயல்புதான். மாநில அளவிலான தேடல் தளத்தில் ஜே.பி. கோர்ட்டின் சின்ன வழக்குகளை நம்பித் தேட முடியாது. கவுண்டி கிளார்க்கிடம் நிலப் பத்திரம், திருமணப் பதிவு, கவுண்டி கோர்ட் வழக்குகள் இருக்கும், டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் பெரிய வழக்குகள். 8,000 பேருக்குக் குறைந்த கவுண்டிகளில் இரண்டுக்கும் ஒரே கிளார்க் இருக்கலாம். உன் டிக்கெட் இவர்கள் யாரிடமும் இருக்காது. ஜே.பி. அலுவலகத்தில்தான் இருக்கும், பழைய ஜே.பி. போனாலும் அவர் வைத்திருந்த ஏடுகள் அடுத்தவர் கைக்கு வரும். 2020 கணக்கெடுப்பில் 64 பேரே இருந்த லவிங் கவுண்டிக்கும் மென்டோனில் கோர்ட்டும் ஷெரிஃபும் உண்டு. இங்கெல்லாம் போனை எடுப்பவரே ஏட்டைத் திறந்து பார்க்கிறவராக இருப்பார். பெயர், பிறந்த தேதி, ஏறக்குறைய எந்த வருடம், இவ்வளவு சொன்னால் போதும். வழக்கு எப்படி முடிந்தது என்பதற்குச் சான்றிட்ட நகல் கேள். தாள்கள் காலம் கடந்து அழிக்கப்பட்டிருந்தால், பதிவு இல்லை என்று கோர்ட் முத்திரையோடு ஒரு கடிதம் கேள், அதுவும் செல்லும்.

விண்ணப்பத்தில் அதை எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். என் கருத்து, எழுது. உனக்கு எப்போதாவது சைட்டேஷன் (இந்த மாதிரி டிக்கெட்) தரப்பட்டதா என்றும் அந்தப் படிவம் கேட்கிறது. கைது இல்லாமல், குடியோ போதையோ சம்பந்தப்படாமல், 500 டாலருக்குக் குறைந்த அபராதத்தோடு முடிந்திருந்தால் பொதுவாகத் தாள் வைக்கத் தேவையில்லை. ஆனாலும் கையில் இருக்கட்டும். இறுதியாக ஒரு குடிவரவு வக்கீலிடமும் கேட்டுக்கொள்.

எனக்கு மனசு ஆறாத ஒரு விஷயமும் உண்டு. இதே டிக்கெட் பணமில்லாதவனுக்கு வந்தால், பயந்துபோய் அதை டிராயரில் போட்டுவிடுகிறான். வாரண்ட் வரும், லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது, லைசென்ஸ் இல்லாமல் வேலைக்கு வண்டி ஓட்டினால் இன்னொரு டிக்கெட். ஹூஸ்டனில் 425 டாலர் போக்குவரத்து அபராதம் கட்ட முடியாத ப்ரெஸ்டன் டேட் என்பவரைச் சிறைப் பண்ணைக்கு அனுப்பினார்கள். பணமில்லை என்பதற்காக மட்டும் சிறையில் தள்ளக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 1971லேயே சொல்லிவிட்டது. கட்ட வசதி உண்டா என்று நீதிபதி விசாரிக்க வேண்டும், தவணையோ சமூக சேவையோ தரலாம், தள்ளுபடியும் செய்யலாம் என்று டெக்சஸ் 2017இல் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் கோர்ட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறவனுக்குத்தான் அது உதவும். உன் கம்பெனியில் இரவு ஷிப்ட் துப்புரவு ஆட்களிடம் பேச்சு வந்தால் இதைச் சொல்.

டிக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல். ப்ரீசிங்டைப் பார்த்துவிட்டு யாரை அழைக்க வேண்டும் என்று சொல்கிறேன். காலை பத்து மணிக்கு மேல், பன்னிரண்டுக்குள் கூப்பிடுங்கள். ஒரே கிளார்க் இருக்கிற அலுவலகத்தில் மதியம் கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

அன்புடன்,
ராஜாமணி