ஆறு பேர் கேட்ட பாடம்

மதிப்புக்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும் பீடச் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் உங்களிடம் மனித உரிமைகள் பட்டம் படிக்கிற மாணவன். ஊர் மட்டக்களப்பு. கிழமை நாட்களில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு சிறிய உதவி நிலையத்தில் வேலை. காணி, பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாடு என்று வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். வெள்ளி இரவு பஸ் ஏறினால் சனி காலை உங்கள் வகுப்பு, ஞாயிறு இரவு திரும்பவும் பஸ். இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எனக்குப் படிப்பித்தவர்கள் மீது நிறைந்த மரியாதை உண்டு, அவர்களில் யாரையும் குறை சொல்ல இந்த மடல் இல்லை. தெரிவுப் பாடங்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, அதைப் பலர் முன்னால் பேச விரும்புகிறேன்.

போன செமஸ்டர் தொடங்கும்போது ஒரு படிவம் தந்தீர்கள். ஏழு தெரிவுப் பாடங்கள் இருந்தன, இரண்டை எடுக்க வேண்டும். மூன்று நாள் அவகாசம். நான் முதலில் அடையாளமிட்டது காணி, வதிவிடம், சொத்து உரிமைகள் பற்றிய பாடம். என்னோடு சேர்த்து ஆறு பேர் அதைக் கேட்டோம். மூவர் மட்டக்களப்பு, இருவர் அம்பாறை மாவட்டம், ஒருவர் திருகோணமலை. பத்துப் பேர் சேராத பாடம் நடக்காது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஏழில் இரண்டு மட்டும் திறந்தன. கேட்டவர்களும் கேளாதவர்களும் அந்த இரண்டுக்குள் போய் உட்கார்ந்தோம்.

அந்தப் பாடம் எனக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்கிறேன்.

படிவம் கொடுத்து இரண்டு கிழமை கழித்து மண்டூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். குருமண்வெளிக்குப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில் வந்து, அங்கிருந்து நடந்திருக்கிறார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, பொலித்தீன் பையிலிருந்து அரச காணிக்குக் கிடைத்த ஒரு பெர்மிட்டை எடுத்து மேசையில் விரித்தார். நாலாக மடித்து மடித்து, மடிப்பு கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டிய கடதாசி. டேப்பும் பழுத்து மஞ்சளாகிவிட்டது. பெர்மிட்டில் இருப்பது அவருடைய தாயின் பெயர். தகப்பன் முந்தியே போய்விட்டார். தாய் 2016 இல் இறந்தார். பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணியைப் பெறுகிறவர், என்ற இடத்தில் யாருடைய பெயரும் இல்லை. பெயர் மாற்றப் போன இடத்தில் மூத்த ஆண்பிள்ளைக்குத்தான் உரிமை என்று சொல்லியிருக்கிறார்கள்.

“மனே, இது அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வளவு. கலியாணம் முடிச்ச நாளில இருந்து இதிலதான் இருக்கன். மறுகா எப்படி அண்ணன்ட பேருக்குப் போகும்?”

மட்டக்களப்பிலே பிறந்த எவருக்கும் இந்தக் கேள்வி புரியும். எங்கள் பக்கம் வீடு மகளுக்கு. தாயும் தகப்பனும் முற்றத்து ஓரத்தில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள், பெரிய வீடு மகளோடு நிற்கும். மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம்தான். குடி என்கிற குலம் தாய்வழியாக வருகிறது, கோயில் உரிமையும் குடிப்படி வருகிறது. ஒரு காலத்தில் முக்குவர் சட்டம் என்று இதற்கொரு சட்டமே மட்டக்களப்பில் இருந்தது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து அதை இல்லாமல் ஆக்கியது. சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை. அரச காணிக்கோ 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பின்னுரித்தாளர் பெயரிடப்படாத இடத்தில் யாருக்குப் போகும் என்று அதன் மூன்றாம் அட்டவணை வரிசை போடுகிறது. 2022 வரை அதில் முதலில் மகன்மார், அடுத்ததுதான் மகள்மார். ஒரே வரிசைக்குள் மூத்தவருக்கு முதலிடம். ஊர் வழக்கம் மகளுக்குக் கொடுத்ததை அட்டவணை மகனுக்குக் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மா பொலித்தீன் பையோடு நிற்கிறார்.

இந்த ஆண் பெண் வேறுபாட்டை 2022 இல் ஒரு திருத்தச் சட்டம் நீக்கியது. அந்தளவு எனக்குத் தெரியும். ஆனால் தாய் இறந்தது 2016 இல். அவருக்கு எது பொருந்தும்? ஆறு வருடத்துக்கு முன் நடந்த இறப்பைத் திருத்தம் தொடுமா? அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை சமத்துவம் என்கிறதே, அதை வைத்து யாரிடம் போகலாம்? பெண்களுக்கெதிரான எல்லா வகைப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981 இல் ஏற்று உறுதிப்படுத்தியது என்று நான் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சட்டத்தரணி ஒருவரின் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவர் அதை வாங்கி, பெர்மிட்டோடு சேர்த்து மடித்து வைத்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

கட்டாயப் பாடங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் பிரகடனமும், குடியியல், அரசியல் உரிமைகள் பற்றியும் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றியும் உள்ள இரண்டு சர்வதேச உடன்படிக்கைகளும் தெரியாமல் இந்தத் துறையில் யாரும் நிற்க முடியாது. இந்த நாட்டின் அடிப்படை உரிமைகள் அத்தியாயமும் அப்படித்தான். ஆனால் அவை கொழும்பிலிருந்து படித்தாலும் ஜெனீவாவிலிருந்து படித்தாலும் ஒன்றுதான். ஒரு மாணவரின் ஊர் பட்டத்துக்குள் நுழைகிற வாசல் தெரிவுப் பாடமும் இறுதி ஆய்வுக் கட்டுரையும் மட்டுமே. அதில் ஒன்று சாத்தியிருந்தால் மற்றதும் பலவீனமாகிவிடும். படிக்காத விடயத்தில் யார் ஆய்வு செய்யத் துணிவார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டின் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். மூன்று கிரெடிட் தெரிவுப் பாடம் என்றால் 150 மணித்தியாலம். வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு படிக்கிறவர்கள் அந்த 150 மணித்தியாலத்தை நித்திரையிலிருந்துதான் எடுக்கிறார்கள். அதை எதில் போடுவது என்று முடிவெடுக்க எங்களிடம் இருந்தது பாடத்தின் பெயர் மட்டும். யார் படிப்பிக்கிறார், பரீட்சையா அசைன்மென்டா, எதை வாசிக்க வேண்டும், ஒன்றும் தெரியாது. அதனால் மாணவர்கள் எப்படித் தெரிவு செய்கிறார்கள் தெரியுமா? சீனியர் நோட்ஸ் இருக்கிற பாடம் எது, புள்ளி தாராளமாக வருகிற பாடம் எது, சனி பின்னேரம் முடிந்து இரவு பஸ்ஸைப் பிடிக்க முடிகிற பாடம் எது என்று பார்த்து. நானும் இரண்டாவது பாடத்தை அப்படித்தான் அடையாளமிட்டேன். இதில் மாணவர்களைப் பிழை சொல்ல ஏலாது. தகவல் கொடுக்காமல் தெரிவு செய்யச் சொன்னால் யாரும் இப்படித்தான் செய்வார்கள்.

திறந்த இரண்டில் ஒன்று வணிகமும் மனித உரிமையும். நல்ல பாடம், விரிவுரையாளரும் அக்கறையானவர். ஐ.நா. 2011 இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டிக் கொள்கைகளை நன்றாகவே படித்தோம். வாகரைப் பக்கம் இறால் பண்ணைக்கும் இல்மனைட் என்ற கனிம மணல் அகழ்வுக்கும் எதிராகச் சனங்கள் நிற்பதை ஒருநாள் வகுப்பில் நான் எடுத்துச் சொன்னேன். பதினைந்து நிமிடம் எல்லோரும் அதைப் பற்றியே பேசினோம். அந்த செமஸ்டரில் வகுப்பு முழுதும் விழித்திருந்த நாள் அது. அப்புறம் சிலைட்டுக்குத் திரும்பிவிட்டோம், ஏனென்றால் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை.

இப்படி இடமில்லாமல் போனவை நிறைய. 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் மேய்ச்சல்தரைக்காகப் பந்தல் போட்டு அமர்ந்த மாட்டுப் பண்ணையாளர்களை நினைத்துப் பாருங்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரை அவர்களுக்கு மாடு கட்டும் இடம் மட்டும் இல்லை, பிழைப்பே அதுதான். கிராமப்புறங்களில் வேலை செய்வோரின் உரிமைகள் பற்றி ஐ.நா. பொதுச் சபை 2018 இல் ஏற்ற பிரகடனம் கால்நடை மேய்ப்பவர்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. பட்டம் முடிக்கிற பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பாணமையிலும் பொத்துவில் கனகர் கிராமத்திலும் காணியை இழந்தவர்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பதும் அந்த மூடிய காணிப் பாடத்துக்குள் வரவேண்டியதுதான். கல்முனையிலிருந்து வருகிற என் வகுப்புத் தோழி தனியார் சட்டங்களும் பெண்களும் என்ற பாடத்தைக் கேட்டார். தனியார் சட்டம் என்பது அந்தந்தச் சமூகத்துக்கென்று உள்ள குடும்பச் சட்டம். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றப் படியேறுகிற பெண்களோடு வேலை செய்கிறவர் அவர். அந்தப் பாடத்துக்கு நான்கு பேர். அதுவும் மூடியது.

ஆவணப்படுத்தல் என்ற பாடம் படிவத்திலேயே இல்லை. இதில் எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிகக் கவலை. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் தேடியிருந்தவர்களில் 158 பேர் கொண்டு செல்லப்பட்டார்கள். திரும்பவில்லை. அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும், 1994 இல் அரசு அமைத்த ஆணைக்குழுவிலிருந்து காணாமல் போனோர் அலுவலகம் வரைக்கும் அதே கதையைச் சொல்லிச் சொல்லி முதுமையடைந்துவிட்டார்கள். கேட்க வருகிற ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு வாக்குமூலத்தை எப்படி எடுப்பது, எந்தக் கேள்வியை இரண்டாம் முறை கேட்கக் கூடாது, எடுத்ததை எப்படிப் பாதுகாப்பது என்பது பழகிப் படிக்க வேண்டிய வேலை. ஒரு பல்கலைக்கழக வளாகமே நிகழ்விடமாக இருக்கிற நாட்டில், மனித உரிமைப் பட்டத்தில் இது தெரிவுப் பாடமாகக்கூட இல்லாதது சரியில்லை.

அதே போலத்தான் முறைப்பாடு எழுதுகிற வேலையும். அடிப்படை உரிமை மீறலுக்கு 126 ஆவது உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆவது பிரிவு அது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. வாழைச்சேனையில் ஒரு மீனவருக்கு இது தெரிந்திருந்தால் கொழும்புக்கு ஓட வேண்டிய அவசரம் குறையும். எங்கள் கட்டாயப் பாடத்தில் இதற்குக் கிடைத்தது அரைப்பக்கம்.

சரி, என்ன செய்யலாம்? பணமும் விரிவுரையாளர்களும் போதாது என்பதை அறிவேன். அதனால் முடிந்ததைத்தான் கேட்கிறேன். ஏழையும் ஒவ்வொரு வருடமும் திறக்க வேண்டாம். குறைவான பேர் கேட்கிற பாடத்தை ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் திறந்து, இரண்டு பட்ச் மாணவர்களையும் சேர்த்து இருத்துங்கள். எங்கள் ஆறு பேரோடு அடுத்த பட்சிலிருந்து நாலு பேர் வந்தால் உங்கள் பத்து நிறைந்துவிடும். எது உண்மையில் நடக்கும் என்பதைப் படிவம் தருவதற்கு முன்னரே சொல்லுங்கள். பாடத்துக்கு ஒரு பக்கம் போதும்: யார் படிப்பிக்கிறார், என்ன வாசிப்பு, எப்படிப் புள்ளி. முதல் இரண்டு வாரம் எந்த வகுப்பிலும் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்ய விடுங்கள்.

வேறு பல்கலைக்கழகத்தில் ஒரு தெரிவுப் பாடத்தைப் படித்து அந்தக் கிரெடிட்டை இங்கே சேர்க்கவும் வழி செய்யுங்கள். வெனிஸில் 1997 இல் தொடங்கிய ஐரோப்பிய மனித உரிமைகள் முதுமாணிக் கற்கையில் மாணவர்கள் ஒரு செமஸ்டரை வெனிஸிலும் மற்றதைப் பங்காளிப் பல்கலைக்கழகம் ஒன்றிலும் படிக்கிறார்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கே அது முடிகிறது. எங்களுக்கு வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் பஸ் தூரம்.

இன்னொரு வேண்டுகோள் மொழி பற்றியது. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கட்டும், வாசிப்பும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், அதனால் எங்களுக்கு நன்மைதான். ஆனால் தெரிவுப் பாடத்தின் அசைன்மென்டைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுத அனுமதியுங்கள். நான் வேலை பார்க்கிற இடத்தில் மனு தமிழில்தான் எழுதுகிறேன். அந்த அம்மா சொன்ன ‘வளவு’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் நான் தேடி எடுத்த எந்தச் சொல்லிலும் அவருடைய முருங்கையும் கிணறும் தாய் இருந்த சின்ன வீடும் வரவில்லை.

காணிப் பாடத்தைக் கேட்ட ஆறு பேரின் பெயரும் பதிவிலக்கமும் தனிக் கடிதமாக உங்களுக்கு அனுப்பியிருக்கிறோம். எங்களுக்கு இன்னும் இரண்டு செமஸ்டர் இருக்கிறது. அடுத்த படிவத்தில் அந்தப் பாடம் இருந்தால், வகுப்பு ஞாயிறு பின்னேரம் என்றாலும் வருகிறோம். திங்கள் காலை பஸ்ஸில் இறங்கி நேரே வேலைக்குப் போய்க்கொள்வோம். முதல் அசைன்மென்டுக்கு 2016 இல் இறந்த ஒரு தாயின் பெர்மிட்டும் 2022 இன் திருத்தமும் என்ற தலைப்பைத் தர முடியுமா என்று இப்போதே கேட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து உங்கள் மாணவன்