முதலில் சோறு என்றாயே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம். குத்தகை நிலத்தில் குறுவை அறுத்தாகிவிட்டது.

போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "வெள்ளைக்காரன் விட்டுப்போன நாடுகளுக்கு முதலில் வளர்ச்சி வேண்டும், உரிமையெல்லாம் அப்புறம்" என்றாய். சிங்கப்பூரில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தோன்றலாம். எனக்கு ஒப்பவில்லை.

நம் பழைய தஞ்சை ஜில்லாவையே எடுத்துக்கொள். 1960 வாக்கில் விதை, உரம், கடன் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து விளைச்சலைப் பெருக்கும் அரசின் பேக்கேஜ் திட்டம் வந்தது. அப்புறம் ஏடிடி 27 என்ற புது ரக நெல், யூரியா, பம்புசெட். விளைச்சல் ஏறியது. ஆனால் அறுத்துக் கட்டிக் களத்தில் சேர்த்தவர்கள் அரைப்படி நெல் கூலி கூடுதலாகக் கேட்டதும் நிலக்கிழார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலிக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நிலக்கிழார்களுக்குக் கீழ்க்கோர்ட் கொடுத்த தண்டனையை ஹைகோர்ட் ரத்து செய்தது. வளர்ச்சி வந்த ஜில்லாதான் இது, தம்பி.

1969-ல் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. அதைவிட நம் குடும்பத்துக்குப் பெரிது 1971-ல் வந்த குடியிருப்பு மனைச் சட்டம். உன் தாத்தா பண்ணையாள். குடிசை நின்ற மண் பண்ணையாருடையது. கூலி பேச வாயெடுத்தால் "குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போ" என்பார்கள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். மனைக்குப் பட்டா வந்த பிறகுதான் தாத்தா நிமிர்ந்து நின்று கூலி பேசினார். அந்தக் காகிதம் இன்றும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பெல்லாம் கிழிந்து, தாசில்தார் முத்திரை பாதி அழிந்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் போனதும் நீ இன்ஜினியரிங் படித்ததும் அந்தச் சிறு மனையில் காலூன்றித்தான்.

சிங்கப்பூரும் வீட்டிலிருந்துதானே தொடங்கியது? நீ வாடகைக்கு இருக்கிறாயே, அந்த எச்டிபி என்ற அரசு வீட்டு வாரிய வீடுகளை 1964-லிருந்து ஜனங்களுக்கே சொந்தமாக விற்றார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்ததால் மட்டும் அந்த ஊர் உயர்ந்தது என்று நான் நம்பமாட்டேன். அப்படியானால் காங்கோ எங்கேயோ போயிருக்க வேண்டும். செம்பும் வைரமும் கொட்டிக்கிடந்த நாட்டை மொபுட்டு 1965 முதல் 1997 வரை எதிர்க்கேள்வியே இல்லாமல் ஆண்டார். சாலைகூட மிஞ்சவில்லை. போட்ஸ்வானா 1966-ல் விடுதலையானபோது பரம ஏழை நாடு. வைரம் கிடைத்த பிறகும் தேர்தலை நிறுத்தவில்லை. அந்தப் பணம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. எண்பதுகளில் வருஷக்கணக்கில் வறட்சி வந்தும் அங்கே பஞ்சச்சாவு இல்லை. பட்டினி கிடப்பவனுக்கு ஓட்டும் பத்திரிகையும் இருந்தால் ஆள்பவன் சும்மா இருக்க முடியாது என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சொன்னதற்கு அதுவும் ஒரு சாட்சி.

இங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. இந்த வருஷமும் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நாள்கணக்கில் காத்துக் கிடந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்புவார்கள், மூட்டைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் அதே நெல் காய்ந்துவிடும். நம் தெருப் பிள்ளைகள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறார்கள். அக்டோபர் 2 கிராமசபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறோம். அன்றைக்கு லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ.

அன்புடன்,
அப்பா