கலோரி வேறு, மாவுச்சத்து வேறு

அனுப்புநர்:
பயணி, இருக்கை 34 சி
(டிக்கெட் நகல் இணைத்துள்ளேன்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: சென்னை – லண்டன் பயணத்தில் போகும்போதும் வரும்போதும் தவறான உணவு தந்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

சென்னையிலிருந்து கிளம்பும் விமானத்தில் தமிழில் வணக்கம் சொல்லி வரவேற்கிறீர்கள். அந்தத் துணிச்சலில்தான் இந்தக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

எனக்கு வயது 61. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மருத்துவர் மேற்பார்வையில் ஒன்றரை ஆண்டுகளாக மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறேன். நாளொன்றுக்கு 50 கிராமுக்குள். முட்டை, மீன், பனீர், கீரை, பாதாம் என்று போகிறது. கல்யாணப் பந்தியில்கூடச் சோறு வைக்க வருகிறவரைக் கை காட்டி அனுப்பிவிட்டுக் கூட்டு, பொரியலோடு எழுந்திருக்கப் பழகிவிட்டேன். உங்கள் விமானத்தில்தான் அது முடியவில்லை.

பயணத்துக்கு நான்கு நாள் முன்பே உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். மாவுச்சத்துக் குறைந்த உணவு வேண்டும் என்றேன். பேசிய இளைஞர், "எல்.சி.எம்.எல். என்று பதிவு செய்துவிட்டேன் அம்மா, லோ கார்ப்தான்" என்றார். நானும் நம்பினேன். பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: விமான நிறுவனங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அந்தக் குறியீட்டுக்குப் பொருள் குறைந்த கலோரி உணவு. வழக்கமான குறியீட்டுப் பட்டியலில் மாவுச்சத்துக் குறைந்த உணவுக்கென்று தனிக் குறியீடே இல்லை. இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் வீட்டிலிருந்து கூடுதலாகக் கட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

காலை உணவுத் தட்டில் எண்ணெய் காட்டாத ரவை உப்புமா, வெறும் பன், தர்பூசணித் துண்டுகள். கொழுப்பை மட்டும் கவனமாக வழித்தெடுத்துவிட்டு மாவை அப்படியே விட்டிருந்தீர்கள். எனக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். காலையில் கிளிமிபிரைடு மாத்திரை போட்டிருந்தேன். அதைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்பதால், தட்டைத் திருப்பித் தந்துவிட்டுப் பத்து மணி நேரத்துக்கு மேல் பட்டினி கிடக்கவும் வழியில்லை.

வீட்டில் வறுத்துக் கொடுத்த பனீர் கொஞ்சம் கைப்பையில் இருந்தது. சூடாக்கித் தர முடியாது, விதி அப்படி என்றார் பணிப்பெண். அதை நான் குறை சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களை பிரிட்டனுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் இறங்குவதற்குள் தின்று தீர்க்கவும் வேண்டும். சில்லிட்டு ரப்பராகிவிட்ட பனீரை மென்றபடி, விமானம் போகும் வழியைத் திரையில் காட்டும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். அந்தப் பணிப்பெண் மட்டும் எங்கிருந்தோ இரண்டு பொட்டலம் உப்பு முந்திரி கொண்டுவந்து வைத்தார். அவர் நன்றாக இருக்கட்டும். முந்திரியிலும் மாவுச்சத்து உண்டு என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது பாடம் படித்தவளாக, டி.பி.எம்.எல். என்ற நீரிழிவு உணவைக் கேட்டு வாங்கினேன். அலுமினியத் தாளைப் பிரித்தேன். பருப்போடு சோறு, பன், பழக்கிண்ணம், ஆரஞ்சுச் சாறு, "சர்க்கரை சேர்க்காதது" என்று பச்சை எழுத்தில் பெருமை அடித்துக்கொண்ட பிஸ்கட். மூக்குக் கண்ணாடியைப் போட்டு உறையின் பின்பக்கத்தைப் படித்தேன். முதல் சேர்பொருளே மைதா.

வங்கியில் கணக்குப் பிரிவில் இருந்தவள் நான். மனம் தானாகக் கூட்டத் தொடங்கிவிடும். சோறு ஏறக்குறைய 200 கிராம் இருக்கும், அதில் 56 கிராம் மாவுச்சத்து. 200 மி.லி. சாற்றில் இன்னொரு 20. பன்னையும் பழத்தையும் பிஸ்கட்டையும் சேர்க்கும் முன்பே என் ஒரு நாள் அளவு ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. பசி தாங்காமல் பருப்பையும் பாதிச் சோற்றையும் சாப்பிட்டேன். சாப்பிடுமுன் 118 இருந்த சர்க்கரை இரண்டு மணி நேரத்தில் 214. குளுக்கோமீட்டர் நினைவகத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

இதை எழுதிப் புகார் செய்ததற்கு உங்களிடமிருந்து வந்த பதிலில், "அடுத்த முறை நீரிழிவு உணவைத் தேர்வு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று இருந்தது. என் கடிதத்தை யாரும் படிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கூடவே அனுப்பிய தள்ளுபடிக் கூப்பனையும் திருப்பி அனுப்புகிறேன்.

தனிச் சமையல் கேட்கவில்லை. ஏற்கெனவே விமானத்தில் ஏற்றுகிற ஆம்லெட், கோழி, பனீர், காய்கறியில் சோற்றையும் பன்னையும் விட்டுவிட்டு இன்னொரு பங்கு வைத்தாலே போதும். அதுவும் ஆகாதென்றால், ஒவ்வொரு சிறப்பு உணவிலும் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று பதிவுப் பக்கத்திலேயே போடுங்கள். நாங்கள் பார்த்து முடிவு செய்துகொள்கிறோம். உதவி எண்ணில் இருப்பவர்களுக்கு அந்த நான்கெழுத்தின் பொருளை இந்த வாரமே சொல்லிக்கொடுங்கள். நான் மாத்திரையோடு இருக்கிறேன்; இன்சுலின் போடுகிறவர் யாராவது அந்தப் பதிலை நம்பி ஊசியின் அளவைக் கணக்கிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் மருத்துவப் பிரிவிடம் கேட்டுப் பாருங்கள்.

மகளின் பிரசவத்துக்கு மார்ச் மாதம் மறுபடி லண்டன் போக வேண்டியிருக்கிறது. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. பதினைந்து நாளுக்குள் பதில் வந்தால் யாரிடம் எடுப்பது என்று முடிவு செய்ய வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
34 சி இருக்கைப் பயணி

இணைப்பு: டிக்கெட் நகல், உணவுத் தட்டின் படங்கள் இரண்டு, குளுக்கோமீட்டர் படம், உங்கள் கூப்பன்.