சுவாதீன அறிவிப்புக்குக் கீழே நான்கு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடன் கட்டாத வீட்டைக் கைப்பற்றியதாக வங்கிகள் தங்கள் நாளிதழில் வெளியிடும் சுவாதீன அறிவிப்புகளில் கடன்தாரரின் பெயர், வீட்டு விவரம், பாக்கித் தொகை எல்லாம் இருக்கும். வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் அது வரவேண்டும் என்பது, அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் விதி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதை வரி விடாமல் படிப்பவர்கள் 'வீட்டை மீட்டுத் தருகிறோம்' என்று கிளம்பும் தரகர்கள்தாம். அவர்களுக்கு அது இலவச முகவரிப் பட்டியல்.

அவர்களுடைய முதலீடு பயம். நாளைக்கே பூட்டு விழும் என்பார்கள். அப்படி விழாது. தவணை 90 நாள் தாண்டி நிலுவையில் நின்றால்தான் அது வாராக்கடன். பிறகு பாக்கியைக் கட்டச் சொல்லி அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ், அதற்கு 60 நாள் அவகாசம். அதன்பின் 13(4)-இல் சுவாதீனம். அதுவும் பெரும்பாலும் முதலில் கதவில் நோட்டீஸ் ஒட்டும் அடையாள சுவாதீனம்தான். குடியிருப்பவர் மறுத்தால், வெளியேற்ற 14-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வாங்குவார்கள். ஏலத்துக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும்.

அந்த 60 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்புவதுதான் முக்கியம். நோட்டீஸில் கையெழுத்திட்ட அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. வரவு வைக்காமல் விட்ட தவணை, தப்பாகப் போட்ட வட்டி, இனி எந்த மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற கணக்கு, இவ்வளவு போதும். வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். பதில் பாதகமாக இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. 13(4) நடவடிக்கை வந்த பிறகே, 45 நாளுக்குள், 17-ஆவது பிரிவில் மனுப் போடலாம். சென்னை, கோவை, மதுரையில் கடன் வசூல் தீர்ப்பாயங்கள் உள்ளன.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டில் குடியிருந்துகொண்டே இருப்பதால், அடையாள சுவாதீனத்தை வெறும் காகிதமாக நினைத்துவிடுகிறார்கள். 45 நாள் கெடு அப்போதே ஓடத் தொடங்கிவிடுகிறது. 'பேங்க் போனை எடுக்காதீங்க, நாங்க பாத்துக்கிறோம்' என்று தரகர் சொல்லும் அறிவுரை விழுங்குவது இந்த நாள்களைத்தான். 'ஸ்டே வாங்கிவிட்டோம்' என்று ஒரு தாளை நீட்டினால் வழக்கு எண்ணைக் கேளுங்கள். தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் அது இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் கொடியது பத்திரத் தந்திரம். 'பவர் எழுதிக் கொடுங்கள், பாக்கியை நாங்கள் அடைக்கிறோம், வாடகைக்கு இருந்துவிட்டு மூன்று வருடத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்' என்பார்கள். 13(2) நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் சொத்தை விற்பதை 13(13) தடுக்கிறது. மீறினால் 29-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. கடனோ வீட்டுக்காரர் பெயரிலேயே கிடக்கும். விற்றே ஆகவேண்டும் என்றால் நேர்வழி இருக்கிறது: வங்கியிடம் பாக்கிக் கணக்கும் சம்மதக் கடிதமும் வாங்கி, வாங்குபவரின் பணத்தை நேரே கடன் கணக்கில் கட்ட வைத்து, அசல் பத்திரங்களை வங்கியிடமிருந்து பெற்றுப் பதிவு செய்வது.

பாக்கியைக் குறைத்து ஒரேயடியாகக் கடனை முடிக்கும் ஒரே தவணைத் தீர்வு வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவர்களும் உண்டு. உண்மையான தீர்வு வங்கியின் கடிதத்தாளில், கடன் கணக்கு எண், தொகை, கடைசித் தேதியோடு வரும். கட்டும் பணமும் அந்தக் கணக்குக்கே போகவேண்டும், தனிநபரின் யுபிஐக்கு அல்ல. கட்டணம் வாங்கிக்கொண்டு 'கடன் தள்ளுபடிச் சான்றிதழ்' தருபவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2023 டிசம்பரில் எச்சரித்தது.

இன்னொரு பொய்: 'ஏலத்துக்கு முந்தின நாள் கட்டினால் போதும்'. 2016 திருத்தத்துக்குப் பின் அது நடக்காது. ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன் முழுப் பாக்கியையும் செலவையும் கட்டினால்தான் மீட்கும் உரிமை. 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்துவிட்டது.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு சுவாதீன அறிவிப்புக்குக் கீழேயும், படிக்கக்கூடிய எழுத்தளவில், இந்த நான்கு வரிகளை வங்கிகள் அச்சிடட்டும்:

'சுவாதீனம் எடுத்த தேதியிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பணத்தைக் கடன் கணக்கில் மட்டும் கட்டவும். வங்கி அனுமதியின்றிப் பவரோ கிரயமோ எழுத வேண்டாம். சட்ட உதவிக்கு 15100.'

அந்த எண் சட்டப்பணிகள் ஆணைக்குழுவினுடையது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே அங்கு இலவச உதவி கிடைக்கும். வங்கிகள் முன்வரும்வரை காத்திராமல் தங்கள் விளம்பரப் பிரிவே அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இதை அச்சிடத் தொடங்கலாம்.